அகமத் கானும் நம் தந்தையாரும்

2017ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களின் இறுதி. பிரேசர் டவுனில் நம் இல்லத்து முன்தாழ்வாரத்தில் தந்தையார் நாளேட்டை மடியில் வைத்தபடி அமர்ந்திருந்தார். அலுவலகத்திற்கு நேரமாகிவிட்ட பதற்றத்தில் நாம் குனிந்து காலணிக் கயிற்றை முடிந்துகொண்டிருந்தோம். அவருக்கு முன்னே காப்பி ஆடை படிந்து ஆறிக் கிடந்தது. காப்பியை ஆறவிடும் வழக்கம் அவருக்கு என்றும் இருந்ததில்லை.

"அகமத் கான் போயிட்டாருப்பா" என்றார்.

"எந்த அகமத் கான்?" என்று கேட்டோம்.

கேட்டது பெருங்குற்றமன்று. நம் தெருமுனையில் நின்று மாஸ்க் சாலையை நோக்கி அப்பெயரைக் கூவினால் நான்கு பேராவது திரும்பிப் பார்ப்பர். ஆயினும் தந்தையார் நம்மை ஏறிட்டு நோக்கிய பார்வை இன்றும் நெஞ்சை விட்டு அகலவில்லை. கடிந்துகொண்டிருந்தால் நலமாயிருந்திருக்கும். அவர் ஒன்றும் சொல்லாமல் நாளேட்டை நம்மிடம் நீட்டிவிட்டு உள்ளே சென்றுவிட்டார். அகமத் கான் ஆகஸ்டு 27ஆம் நாள் தம் தொண்ணூறாவது வயதில் இந்நகரிலேயே காலமானார் என்ற செய்தி அதில் இருந்தது. இரண்டு ஒலிம்பிக் பந்தயங்களில் இந்தியாவுக்காக ஆடியவர்; 1951ல் ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற அணியில் இருந்தவர். அவரை இன்னாரென்று அறியாமல், அவர் பிறந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்து, பி.ஏ. பட்டமும் பெற்று, மத்திய அரசு அலுவலகத்தில் கோப்புகளைப் புரட்டிக்கொண்டிருக்கிறோம் என்பது அன்றுதான் உறைத்தது.

அன்று தொடங்கி, அவரைப் பற்றியும் அவருடன் ஆடியவர்களைப் பற்றியும் கிடைத்ததையெல்லாம் படித்தோம். தந்தையாரிடம் கேட்டதையும் சேர்த்துக்கொண்டோம். அவற்றை இம்மலரில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. புலம்பெயர்ந்து வாழும் தமிழ்க் குடும்பங்கள் புலவரையும் வள்ளல்களையும் நினைவில் வைத்திருக்கின்றன. பந்தாடியவர்களை மட்டும் ஏனோ மறந்துவிடுகின்றன.

நாம் இவ்வூருக்கு வந்த கதையிலிருந்தே தொடங்க வேண்டும். 1809ல் ஆங்கிலேயர் அல்சூர் ஏரியின் அருகே தம் படைக்குத் தங்குமிடம் அமைத்தனர். அதைத்தான் நம் முன்னோர் 'தண்டு' என்றனர். முதியவர் நாவில் இன்றும் அது தண்டுதான். படையின் பின்னால் ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து சிப்பாய்களும், கொத்தரும், சமையற்காரரும், தோட்டக்காரரும், தையற்காரரும் வந்து குடியேறினர். 1898ல் பிளேக் நோய் இந்நகரைச் சூறையாடியது. நெருக்கத்தில் மடிந்தது போதும் என்று, காற்றோட்டமான புதுக் குடியிருப்பாக வகுக்கப்பட்டு 1910ல் உருவானதே பிரேசர் டவுன். அப்பொழுது மைசூரில் ஆங்கில அரசின் பிரதிநிதியாயிருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயர் அது. இன்று அரசு ஆவணங்களில் புலிகேசி நகர். அஞ்சல்காரருக்கு இரண்டும் ஒன்றுதான்.

நம் பாட்டனார் தையற்காரர். பட்டாளத்துச் சீருடைகளுக்குப் பொத்தான் வைத்தும் கிழிசல் ஒட்டியும் பிழைத்தவர். வெள்ளைச் சிப்பாய்கள் மாலைவேளைகளில் மைதானத்தில் பந்தாடுவார்களாம். எல்லைக்கோட்டைத் தாண்டி ஓடும் பந்தை எடுத்துக் கொடுக்கச் சுற்றுவட்டாரச் சிறுவர்கள் காத்து நிற்பார்களாம். எடுத்துக் கொடுக்குமுன் இரண்டு தட்டுத் தட்டிப் பார்ப்பதே அவர்கள் பெற்ற முதற் பயிற்சி. பூட்ஸ் வாங்கப் பணம் இல்லை. எவரேனும் கொடுத்தாலும் அது காலுக்கிட்ட விலங்காகவே தோன்றியது. வெறுங்கால் பந்தைத் தொட்டு அறியும். தோற்காலணி உதைக்க மட்டுமே அறியும் என்பார் பாட்டனார். 1911ல் கல்கத்தாவின் மோகன் பகான் அணி வெறுங்காலுடன் ஆடி கிழக்கு யார்க்‌ஷயர் படையணியை வீழ்த்திக் கேடயம் வென்ற செய்தி இந்தத் தண்டு வரை வந்து சேர்ந்திருந்தது. அதன் பிறகு வெறுங்கால் ஏழ்மையின் அடையாளமாக மட்டும் இல்லை. அதில் ஒரு வீம்பும் சேர்ந்துகொண்டது.

இத்தகைய மண்ணில்தான் 1926 டிசம்பர் 24ல் அகமத் கான் பிறந்தார். பந்தாட்டக் குடும்பம். தந்தையும் ஆடியவர்; உடன்பிறந்தோரும் ஆடினர். நடுக்களத்தின் இடப்பக்கத்திலிருந்து முன்னேறித் தாக்குவது அவர் இடம். அவர் பந்தை வைத்துக்கொண்டு நின்றால் எதிரணியினர் மகுடிக்கு முன் நாகம் போல மயங்கி நிற்பர் என்று 'பாம்பாட்டி' எனப் பட்டம் சூட்டினர். உடல்வலியை நம்பிய ஆட்டமன்று அது, ஏமாற்றுக் கலை. இடுப்பு ஒருபுறம் சாயும், பந்து மறுபுறம் போகும். இரண்டையும் காவலன் ஒருசேரப் பார்ப்பதற்குள் கான் அவனைக் கடந்திருப்பார். பெங்களூர் முஸ்லிம்ஸ் கழகத்தில் அவர் ஆடிய நாள்களில், வேலை முடியாத சட்டைகளைக் கடையில் போட்டுவிட்டு மிதிவண்டியில் பறந்ததாகப் பாட்டனார் சொல்லியிருக்கிறார். அதற்காகப் பாட்டியாரிடம் அவர் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

அந்நாளில் சந்தோஷ் கோப்பை என்றால் வங்காளத்துக்கு எழுதி வைத்த சொத்து என்றே எண்ணியிருந்தனர். 1946-47ல் இந்தப் பெங்களூரிலேயே மைசூர் அணி வங்காளத்தைத் தோற்கடித்து அக்கோப்பையைப் பறித்தது. கல்கத்தாவின் கண் தெற்கே திரும்பியது அதன் பின்னர்தான் என்று கருதுகிறோம்.

1948 ஜூலை 31. லண்டன் மாநகரின் கிழக்கே இல்ஃபர்டு என்னும் இடத்தில் ஒலிம்பிக் ஆட்டம். சுதந்திரம் பெற்று ஓராண்டுகூட நிறையாத இந்தியாவின் அணி பிரான்சை எதிர்த்து இறங்கியது. விடுதலை பெற்ற நாடாக நாம் ஆடிய முதல் பன்னாட்டுக் கால்பந்தாட்டம் அதுவே. நம்மவருள் பெரும்பாலோர் வெறுங்காலுடன், கணுக்காலில் துணிக்கட்டுச் சுற்றிக்கொண்டு ஆடினர். நாகர் இனத்தைச் சேர்ந்த டாக்டர் டி. ஆவ் தலைவர். லண்டனுக்குச் சென்ற அணியில் நம் பகுதியிலிருந்து போனவர்களின் பெயர்களைச் சொல்கிறோம்: அகமத் கான், சாரங்கபாணி ராமன், தனராஜ், வஜ்ரவேலு, பஷீர், வரதராஜ். நம் தெருவில் பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டைத் திறந்து படித்தது போலிருக்கிறதல்லவா?

பிரான்சு முதலில் ஒரு கோல் போட்டது. நமக்கு இரண்டு பெனால்டிகள் கிடைத்தன, இரண்டும் வீணாயின. எழுபதாவது நிமிடத்தில் ராமன் போட்ட கோல் ஆட்டத்தைச் சமன் செய்தது. ஒலிம்பிக்கில் இந்தியா போட்ட முதல் கோல் அது. பதினேழாயிரம் பேர் கூடியிருந்த மைதானத்தில், அந்த வெறுங்காலர்களுக்காக ஆங்கிலேயரே ஆரவாரித்தனர். ஆனால் ஆட்டம் முடியும் தறுவாயில் பிரான்சு மீண்டும் ஒரு கோல் போட்டு 2-1 என வென்றது. பெனால்டிகளை அடித்த சைலன் மன்னா, மகாவீர் பிரசாத் இருவருமே வடக்கத்தியர். "நம்ம பசங்க யாராச்சும் அடிச்சிருந்தா உள்ளே போயிருக்கும்" என்று பாட்டனார் கடைசிவரை சாதித்தார். மன்னாவோ இந்தியா கண்ட மிகச் சிறந்த தடுப்பாட்டக்காரருள் ஒருவர். பின்னாளில் ஆசியத் தங்கத்தை ஏந்திய தலைவர். அதையெல்லாம் பாட்டனார் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வந்து குடியேறியவனுக்கு ஊர்ப்பற்று சற்று மிகுதியாகவே இருக்கும் போலும்.

இனி இக்கட்டுரையில் நாம் மிக விரும்பும் பகுதிக்கு வருகிறோம்.

1920ல் தொடங்கப்பெற்ற ஈஸ்ட் பெங்கால் கழகம், கல்கத்தாவில் வாழ்ந்த கிழக்கு வங்காளத்தவரின் கழகம். பிரிவினைக்குப் பின் வீட்டையும் நிலத்தையும் ஆற்றங்கரையையும் இழந்து, இலட்சக்கணக்கானோர் கல்கத்தாவில் வந்து குவிந்தனர். ரயில் நிலையத்து மேடைகளிலும், ஒதுக்குப்புறக் குடிசைகளிலும் உழன்ற அவர்களுக்கு, வாரத்தில் ஒருநாள் தலை நிமிர்ந்து நிற்க இருந்த ஒரே இடம் அக்கழகத்தின் ஆட்டத் திடல். கழகத்தின் செயலாளராயிருந்த ஜே. சி. குகா கூர்ந்த பார்வையுடையவர். அவர் தென்னகத்தில் வலைவீசி, ஐந்து முன்னணி ஆட்டக்காரர்களைச் சேர்த்தார். வலக்கோடியில் வெங்கடேஷ், அவர் பக்கத்தில் அப்பாராவ், நடுவில் தனராஜ், இடப்பக்கம் அகமத் கான், இடக்கோடியில் சாலே. அகமத் கானும் தனராஜும் பெங்களூர்க்காரர், அப்பாராவ் ஆந்திரர், சாலே மலையாளி. ஒருவர்கூட வங்காளியல்லர்.

அவர்களைத்தான் வங்காள மக்கள் 'பஞ்ச பாண்டவர்' என்று போற்றினர். 1949ல் கல்கத்தா லீக், ஐ.எஃப்.ஏ. கேடயம், பம்பாயின் ரோவர்ஸ் கோப்பை மூன்றையும் ஒரே பருவத்தில் அக்கழகம் வென்றது. கேடயத்தை 1949, 1950, 1951 எனத் தொடர்ந்து மூன்றாண்டுகள் கைவிடவில்லை. 1951லும் 1952லும் தில்லியின் டூரண்டு கோப்பையும் அதற்கே.

இந்த வெற்றிகளின் பட்டியலைவிட நம்மை நெகிழ்விப்பது வேறொன்று. மதக்கலவரத்தால் ஊரை இழந்து, உற்றாரைப் பறிகொடுத்து ஓடிவந்தவர்கள் அம்மக்கள். 1950லும் இரு வங்காளங்களிலும் குருதி சிந்தியது. அந்த ஆண்டுகளிலேதான் அவர்கள் ஓர் அகமத் கானையும் ஒரு சாலேயையும் பாண்டவரென்று கொண்டாடித் தோள்மேல் தூக்கிச் சுமந்தனர். பாண்டவரில் இருவர் இஸ்லாமியரா என்று எவரேனும் நகைத்திருந்தால் அவர் திடலைவிட்டு முழுதாக வெளியேறியிருப்பாரா என்பது ஐயமே. அவர்களுக்குத் தெரியாத மொழியைப் பேசியவர் தனராஜ். அவரைத் தம் வீட்டுப் பிள்ளையாக்கிக் கொண்டனர். வந்தேறிகள் வந்தேறிகளைக் கண்டுகொண்டனர் என்றே எண்ணத் தோன்றுகிறது.

1951 மார்ச்சில் தில்லியில் நடந்த முதல் ஆசியப் போட்டியில் இந்தியா ஈரானை 1-0 என வென்று தங்கம் பெற்றது. கோல் மேவாலால் போட்டது. பயிற்றுவித்தவர் ஐதராபாத்தின் சையது அப்துல் ரகீம். அகமத் கான் அந்த அணியில் இருந்தார். அடுத்த ஆண்டு ஹெல்சிங்கியில் நேர்ந்ததோ மறக்க வேண்டிய நாள். குளிரிலும் ஈரத்திலும், பழகிய வழக்கப்படி நம்மவர் பலர் வெறுங்காலுடன் இறங்கினர். எதிரே இருந்தது யூகோஸ்லாவியா. 1948லும் 1952லும் ஒலிம்பிக் வெள்ளி வென்ற நாடு. 10-1 எனத் தோற்றோம். அந்த ஒன்று, ஆட்டம் முடியுமுன் அகமத் கான் அடித்தது. பத்துக் கோல் வாங்கியபின் அந்த ஒரு கோலால் என்ன பயன் என்று நாம் ஒருமுறை தந்தையாரைக் கேட்டோம். "பத்து வாங்கினப்புறமும் ஓடினாரு பாரு, அதான்" என்றார். அந்தத் தோல்விக்குப் பின்னரே நம் நாட்டில் பூட்ஸ் கட்டாயமாயிற்று. அகமத் கானும் அணிந்துகொண்டார், தொடர்ந்து ஆடினார். 1953ல் அக்கழகம் ருமேனியாவுக்கும் சோவியத் நாட்டுக்கும் சென்றபோது உடன் சென்றார். 1959 வரை, ஏறத்தாழ பத்தாண்டுகளுக்கு மேல், ஈஸ்ட் பெங்காலைவிட்டு அவர் வேறெங்கும் போகவில்லை. அர்ஜுனா விருது தொடங்கியதே 1961ல்தான். அவர் காலத்தவருக்கு மாலையும் கைத்தட்டலும்தாம் விருது.

கல்கத்தாவுக்குப் போகும் பாதை அவர்களோடு அடைந்துவிடவில்லை. 1960களில் பெங்களூர் அருமைநாயகம் மோகன் பகானுக்கு ஆடினார். 1962ல் ஜகார்த்தாவில் தங்கம் வென்ற இந்திய அணியிலும் இடம்பெற்றார். 1970களில் உலகநாதன் சென்றார். இடையில் ஒரு கடிதம் நம் இல்லத்துக்கும் வந்தது.

1966ஆம் ஆண்டு. தந்தையாருக்கு வயது இருபத்தொன்று. இடக்கோடியில் ஓடுவார். கல்கத்தாவின் கழகமொன்று ஒரு பருவத்துக்கு வந்து ஆடிப் பார்க்கும்படி ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. தங்குமிடமும் உணவும் உண்டு. கைச்செலவுக்கு ஏதோ ஒரு தொகை. அதே மாதத்தில், இந்நகரத்துப் பொதுத்துறைத் தொழிற்சாலையொன்று தன் அணியில் ஆட அவரை அழைத்து, நிரந்தர வேலைக்கும் ஆணை அனுப்பியிருந்தது. தந்தையார் கல்கத்தாக் கடிதத்தைப் பாட்டனாரிடம் நீட்டினார். அகமத் கானைப் பார்க்கச் சட்டைகளைப் போட்டுவிட்டு ஓடிய அதே பாட்டனார்தாம். தையல் இயந்திரத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாராம்:

"பந்து பத்து வருசம்டா. பென்சன் சாகிற வரைக்கும்."

தந்தையார் மறுநாளே வேலையில் சேர்ந்துவிட்டார். பதினோராண்டுகள் தொழிற்சாலை அணிக்கு ஆடினார். ஆட்ட நாளில் பாதிநாள் விடுப்பு, மற்ற நாளில் எல்லோரையும் போல எந்திரத்தின் முன். முழங்கால் கெட்டபின் ஆட்டம் நின்றது, வேலை நிற்கவில்லை. அந்த வேலையில்தான் இரண்டு தங்கையரின் திருமணம், நம் படிப்பு, இந்த வீடு. பாட்டனாரின் கணக்கில் ஒரு பைசா தவறில்லை. கணக்கு எழுதுவதையே பிழைப்பாகக் கொண்ட நமக்கு அதில் குறை சொல்ல உரிமையும் இல்லை. நாம் உண்ட சோறு அந்த மறுப்பில் விளைந்தது. ஆனால் அக்கடிதம் இன்றும் தந்தையாரின் இரும்புப் பெட்டியில், ஓய்வூதிய ஆணைக்கு அடியில் இருக்கிறது. மடிப்புகள் கிழிந்து, பின்புறம் ஒட்டுத்தாள் போட்டிருக்கிறது. பயனற்ற தாளுக்கு எவரும் ஒட்டுப் போடுவதில்லை.

வேல்ஸ் நாட்டைப் பற்றி ஒருமுறை படித்தது இங்கே நினைவுக்கு வருகிறது. அங்கே நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் பிள்ளைகள் ரக்பி என்னும் ஆட்டத்தை உயிராகக் கொண்டவர்கள். கைகளால் முட்டைவடிவப் பந்தை ஏந்தி ஓடும் ஆட்டம். சுரங்கத் தொழிலாளியின் மகனான காரத் எட்வர்ட்ஸ் 1967 முதல் 1978 வரை ஓர் ஆட்டம்கூடத் தவறாமல் 53 முறை நாட்டுக்காக ஆடியவர். அந்த ரக்பி யூனியன் ஆட்டத்தில் 1995 வரை ஊதியம் என்பதே கூடாது. பணம் வேண்டியவர் இங்கிலாந்தின் வடபகுதிக்குச் சென்று, ஊதியம் தரும் வேறுவகை ரக்பியை ஆடலாம். சென்றவருக்கு மீண்டும் தாய்நாட்டு அணியின் கதவு திறவாது. எட்வர்ட்ஸ் போனதில்லை. ஓய்வுபெற்று ஒரு நூல் எழுதிப் பணம் வாங்கினார் என்பதற்காகவே அவரையும் 'கூலிக்கு ஆடியவர்' என்று ஒதுக்கினார்கள். அங்கும் வீட்டுக்கு வீடு இரவில் இந்தப் பேச்சு நடந்திருக்கும்: போவதா, இருப்பதா? அங்கே வடக்கே போனவனுக்கு ஊர்க்கதவு அடைந்தது. இங்கே போகாதவனுக்கு அடைந்த கதவு ஒன்று உண்டு. எது பெரிது என்று நிறுத்துப் பார்க்க நம்மிடம் தராசு இல்லை.

நம் அலுவலகத்திலும் விளையாட்டு வீரர் என்ற முறையில் நியமனம் பெற்றவர் சிலர் இருக்கின்றனர். தேர்வெழுதி வந்த நாம், தொடக்கத்தில் அவர்களைச் சற்று இளக்காரமாகவே பார்த்திருக்கிறோம். கோப்பில் குறிப்பெழுதத் தடுமாறுகிறாரே என்று ஒருவரைப் பற்றி வீட்டில் நகைத்துப் பேசியதும் உண்டு. தந்தையார் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. அவரும் அந்த வழியாகத்தான் வேலைக்குச் சேர்ந்தவர் என்பது நமக்கு அப்பொழுது எப்படித் தோன்றாமற் போயிற்று என்று இப்போது நாணுகிறோம்.

தொழிற்சாலை அணி தந்த இன்னொன்றைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. 1991 டிசம்பரில் காவிரித் தீர்ப்பையொட்டி இந்நகரில் தமிழர்மீது கை ஓங்கிய நாள்களை இம்மலரைப் படிக்கும் குடும்பங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. நமக்கு அப்போது வயது பன்னிரண்டு. கதவு சன்னல்களை அடைத்து, விளக்கணைத்து உள்ளே கிடந்தோம். முதல்நாள் மாலை யாரோ கதவைத் தட்டினர். அன்னையார் நடுங்கிவிட்டார். வெளியே நின்றவர் தந்தையாருடன் பதினோராண்டு வலக்கோடியில் ஆடிய கன்னட நண்பர். ஒரு போர்வையும் வெற்றிலைப் பெட்டியும் கொண்டுவந்திருந்தார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. முன்தாழ்வாரத்தில் நாற்காலியை வாசலுக்குக் குறுக்காகப் போட்டு இரண்டு இரவுகள் அமர்ந்திருந்தார். தெருவில் போனவர்களிடம் கன்னடத்தில் உரக்கப் பேசிக்கொண்டிருந்தார். பெரும்பாலும் பழைய ஆட்டங்களைப் பற்றித்தான். மூன்றாம் நாள் காலை அன்னையார் கொடுத்த இட்லியை உண்டுவிட்டு, "உன் பையனுக்கு இடதுகால் வருதா?" என்று தந்தையாரைக் கேட்டுவிட்டுப் போனார். வரவில்லை; நமக்கு எந்தக் காலும் வரவில்லை.

2024 செப்டம்பர் 14ஆம் நாள் கண்டீரவா அரங்கில் பெங்களூர் அணிக்கும் ஈஸ்ட் பெங்காலுக்கும் ஆட்டம் என்று அறிந்து, தந்தையாரை அழைத்துச் சென்றோம். எழுபத்தொன்பது வயது, படியேறக் கைத்தாங்கல் வேண்டியிருந்தது. முதற்பாதியில் பெங்களூரின் இளைஞர் வினித் வெங்கடேஷ் ஒரு கோல் போட்டார். ஆட்டம் அப்படியே 1-0 என முடிந்தது. நீலச்சட்டைக் கூட்டம் ஆர்ப்பரித்தது. தந்தையாரின் கண்ணோ எதிர்ப்புறத்தில் இருந்தது. அங்கே சிவப்பும் பொன்னிறமுமாக நூற்றுக்கணக்கான வங்காளப் பிள்ளைகள், தோற்றுக்கொண்டிருந்த தம் கழகத்துக்காகத் தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருந்தனர். எல்லாரும் இந்நகரில் வேலை பார்க்க வந்தவர்கள். ஒருவகையில் இப்போது அவர்கள்தாம் இங்கே புதிதாக வந்தவர்கள், நாம் பழையவர்கள்.

வெளியே தேநீர்க் கடையில் சிவப்பு-பொன்னிறச் சட்டையணிந்த ஓர் இளைஞன் வாட்டமாக நின்றிருந்தான். இருபத்தைந்து வயதிருக்கலாம். தந்தையார் தம் தொழிற்சாலை இந்தியில், "அகமத் கான் தெரியுமா?" என்று கேட்டார். நமக்குச் சற்றே கூச்சமாயிருந்தது. இந்த வயதுப் பிள்ளைக்கு எங்கே தெரியப் போகிறது? நாமே 'எந்த அகமத் கான்' என்று கேட்டவர்களாயிற்றே.

அவன் தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டான். "பஞ்ச பாண்டவ்!" என்று கூவி, பள்ளிப் பிள்ளை வாய்ப்பாடு ஒப்பிப்பது போல் விரல்விட்டு எண்ணினான்: "பெங்கட்டேஷ், அப்பாராவ், தொன்ராஜ், ஆமேத், சாலே." அவனுடைய தாத்தா டாக்காவிலிருந்து வந்தவராம். ஊரைப் பற்றி அவர் வாயே திறக்கமாட்டாராம்; இந்த ஐந்து பெயர்களை மட்டும் பேரனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அகமத் கான் இந்த ஊர்க்காரர், தனராஜும் இந்த ஊர்க்காரர் என்று தந்தையார் சொன்னதும், அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். கஸ்தூரிபா சாலையின் பேருந்துகளையும் மரங்களையும் புதிதாகப் பார்ப்பவன் போல் பார்த்தான். பிறகு, "நீங்களும் ஆடியிருக்கிறீர்களா?" என்று கேட்டான்.

"கொஞ்சம்" என்றார் தந்தையார். கடிதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நாம் சொல்லியிருக்கலாம், வாய் வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டோம். அந்த இளைஞன் குனிந்து அவர் காலைத் தொட்டான். வங்காளத்தில் பெரியவர்களைக் கண்டால் அப்படிச் செய்வது வழக்கந்தான்; ஆயினும் அவன் கை கெட்டுப்போன அந்த இடது முழங்காலுக்குக் கீழே பட்டபோது தந்தையார் சட்டென்று நம் தோளைப் பற்றிக்கொண்டார்.

ஆட்டோவில் பிரேசர் டவுன் திரும்பும்வரை பேச்சில்லை. கோல்ஸ் பூங்கா தாண்டியதும் சிரிக்கத் தொடங்கினார்.

"தொன்ராஜாம் தொன்ராஜ்! நம்ம தனராஜை எப்படிக் கூப்பிடறான் பாரு" என்றார். வீடு வரும்வரை அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார்.